மருதாணி சிவக்கும், கறுக்காது! தலைக்குப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவின் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் நாட்டு மருந்துக் கடையில் மருதாணித் தூள் கிடைக்கும். வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "அண்ணே, இதைப் போட்டா முடி கறுக்குமா?"

கறுக்காது என்பதுதான் நேர்மையான பதில். மருதாணி இலைக்குள் இருப்பது ஒரே ஒரு நிறம். அது ஆரஞ்சில் தொடங்கி செம்பழுப்பு வரை போகும், அதற்கு மேல் போகாது. "கறுக்கும்" என்று சொல்லி விற்கப்படும் பாக்கெட்டில் மருதாணியோடு வேறு ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்த வேறு ஒன்று எது என்று தெரிந்துகொள்வதில்தான் தலையின் பாதுகாப்பே இருக்கிறது. அது நீலி அவுரி இலையாக இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ரசாயனச் சாயமாக இருந்தால், ‘இயற்கை’ என்று நம்பிப் போட்டவருக்கு முகம் வீங்கி மருத்துவமனைக்கு ஓட வேண்டி வரலாம்.

கொல்லைச் செடியும் கடைத் தூளும்

டெல்டா வீடுகளின் கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்திலோ வேலியோரத்திலோ ஒரு மருதாணிச் செடி நிற்பது வழக்கம். ஆடி மாசம் வந்துவிட்டால் அப்பாயியோ அம்மாயியோ இலையை உருவி, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு விரலில் தொப்பி வைத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் விழுது பெரியவர்களின் தலைக்குப் போகும். நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கங்களில் இஸ்லாமியப் பெரியவர்கள் தாடிக்கு மருதாணி இடுவதும் நெடுநாள் பழக்கம்.

ஆனால் மருதாணி டெல்டாவின் வயல் பயிராக இருந்ததில்லை. அது வறட்சியைத் தாங்கி வெயிலில் வளரும் செடி. நெல்லுக்குத் தேவையான தேங்கிய தண்ணீர் இதற்கு ஆகாது. அதனால் கொல்லை மேட்டில் ஒன்றிரண்டு செடிகளோடு நின்றுவிட்டது. கொல்லைகள் சுருங்கி, வீடுகள் மாடியாக உயர்ந்த பிறகு, இலை இருந்த இடத்துக்குப் பாக்கெட் தூள் வந்துவிட்டது.

அந்தத் தூளில் பெரும்பங்கு ராஜஸ்தானில் இருந்து வருகிறது. பாலி மாவட்டத்தில் இருக்கும் சோஜத் என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும்தான் இந்திய மருதாணி வணிகத்தின் மையம். சோஜத் மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலத்தில் விளையும் இலையில் பொதுவாகச் சாயச்சத்து கூடுதலாக இருக்கும். நல்ல ராஜஸ்தான் தூள் கொல்லை இலையைவிடச் சில சமயம் அழுத்தமாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

நிறம் எப்படிப் பிடிக்கிறது?

மருதாணி இலையில் இருக்கும் சாயப்பொருளின் பெயர் லாசோன். உலர்ந்த இலையின் எடையில் அது ஏறக்குறைய 1 சதவீதம்தான் இருக்கும். இலை முழுதாக இருக்கும்போது அது வெளியே வராது. அரைத்தோ, பொடித்து நீரில் ஊறவைத்தோ இலையின் செல்களை உடைத்தால்தான் மெல்ல மெல்ல வெளிவரும்.

முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. லாசோன் இந்தப் புரதத்தோடு போய் ஒட்டிப் பிணைந்துகொள்கிறது. நகத்தில் வைத்த மருதாணி கழுவினால் போகாமல், நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்பது இதனால்தான். தலைமுடியிலும் அதே கதைதான்.

இது முடியில் ஏற்கெனவே இருக்கும் கறுப்பை அழிக்காது, அதன் மேல் ஒரு சிவப்புப் படலத்தை ஏற்றும். அதனால் கருமுடியில் போட்டால் வெயிலில் நிற்கும்போது மட்டும் லேசான செம்மினுமினுப்பு தெரியும். வெள்ளை முடியில் போட்டால் பளிச்சென்ற ஆரஞ்சு. தலையில் பாதி நரை, பாதி கறுப்பு என்றால் இரண்டும் கலந்து செம்பட்டை இழைகளாகத் தெரியும். "எனக்கு மட்டும் ஏன் செங்கல் கலரா வந்துச்சு?" என்று வருத்தப்படுவோருக்கு விளக்கம் இவ்வளவுதான். நரை எவ்வளவு கூடுதலோ, ஆரஞ்சும் அவ்வளவு கூடுதல்.

‘கறுப்பு மருதாணி’யில் இருப்பது என்ன?

சந்தையில் ‘பிளாக் ஹென்னா’, ‘ஹெர்பல் பிளாக்’ என்ற பெயர்களில் விற்கும் தூள்களில் பலவற்றில் நிறத்தைத் தருவது பாரா-ஃபினைலின்டையமின் என்ற ரசாயனம். சுருக்கமாக பிபிடி என்பார்கள். சாதாரண ஹேர் டையிலும் இதே பொருள்தான் இருக்கிறது. தூள் வகையில் இதோடு பேரியம் பெராக்சைடு போன்ற ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கறுப்பு உண்டாகும். அரை மணி நேரத்தில் தலை கறுத்துவிடும். மருதாணி இதில் பெயருக்குத்தான்.

பிபிடி கலந்த சாயத்தை விற்பது சட்டவிரோதம் கிடையாது. அளவும் எச்சரிக்கையும் சரியாக இருந்தால் பல நாடுகளும் அனுமதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் தடவும் நிலையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் நாட்டிலும் இத்தகைய சாயப் பெட்டியில், முதலில் தோலில் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், இமை மயிருக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் பார்வை பறிபோகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி.

சிக்கல் எங்கே என்றால், வாங்குகிறவர் அதை மருதாணி என்று நினைத்து வாங்குகிறார். டை என்று தெரிந்தால் கையுறை போடுவார், சோதித்துப் பார்ப்பார், அரை மணியில் கழுவிவிடுவார். மருதாணி என்று நினைத்தால் வெறும் கையால் குழைத்து, மூன்று மணி நேரம் தலையில் வைத்திருப்பார்.

பிபிடி ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களில் முக்கியமானது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல்நோய்ச் சங்கம் 2006-ல் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. இந்த ஒவ்வாமைக்கு ஒரு குணம் உண்டு. முதல் முறையோ, ஐந்தாவது முறையோ ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். உடல் ஒருமுறை அதை எதிரியாகப் பதிவு செய்துகொண்டால், அடுத்த முறை முதல் விடாது. "பத்து வருஷமா போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பது அதனால்தான் உத்தரவாதம் ஆகாது.

கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ‘பத்தே நிமிடத்தில் கறுக்கும்’ என்று கையில் போட்டுவிடும் கறுப்பு கோன்களிலும் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சிறுவயதில் கையில் போட்ட அந்தக் கோலத்தால் உடல் பதிவு செய்துகொண்ட ஒவ்வாமை, பல வருடங்கள் கழித்து முதல் நரைக்கு டை போடும்போது கடுமையாக வெளிப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பாக்கெட்டில் எதைப் பார்ப்பது?

முன்பக்கத்தில் இருக்கும் இலைப் படத்தையும் ‘ஹெர்பல்’ என்ற சொல்லையும் விட்டுவிட்டு, பின்பக்கத்தைத் திருப்புங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

• உட்பொருள் பட்டியல். தூய மருதாணி என்றால் அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். செடியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ்.

• பிபிடி, ஃபினைலின்டையமின், டையமினோ என்று தொடங்கும் பெயர்கள், பேரியம் பெராக்சைடு, சோடியம் பெர்போரேட், சோடியம் பிக்ரமேட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது மருதாணி கலந்த ரசாயனச் சாயம்.

• ‘அம்மோனியா இல்லை’ என்ற வாசகம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அம்மோனியா இல்லாததால் பிபிடியும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு.

• தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி. இவை இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தரும் சில்லறைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

• ‘15 நிமிடத்தில் நிறம்’ என்ற வாக்குறுதி. மருதாணிக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். நிமிடக்கணக்கு என்றால் அது வேறு சரக்கு.

வீட்டிலேயே செய்யும் மூன்று சோதனைகள்

முதலாவது, கண்ணும் மூக்கும். நல்ல தூள் மங்கிய பச்சையாக, மாவு போல நைஸாக இருக்கும். காய்ந்த புல்லும் வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை அடிக்கும். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு, சாயம் குறைந்திருக்கும். கிளிப்பச்சையாகக் கண்ணைப் பறித்தால் பச்சைச் சாயம் கலந்திருக்கலாம்.

இரண்டாவது, கண்ணாடி டம்ளர் சோதனை. டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். உடனே பச்சையோ கறுப்போ கோடு கோடாக இறங்கினால் சந்தேகப்படுங்கள். மருதாணியின் நிறம் பொறுமையாக, செம்பழுப்பாகத்தான் இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து அடியில் விரலால் தடவினால் மணல் நெருடுகிறதா என்றும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, சீப்பு முடி சோதனை. சீப்பில் வரும் நரைமுடியைச் சேர்த்துக் கட்டி, கரைத்த விழுதில் மூன்று மணி நேரம் வைத்துக் கழுவிப் பாருங்கள். தலையில் என்ன நிறம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கறுப்பாக வந்தால் அந்தத் தூளைத் தலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இந்த மூன்றும் ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. அதனால் எந்தத் தூளாக இருந்தாலும் முதல் முறை பயன்படுத்தும் முன் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ ஒரு ரூபாய் அளவுக்குத் தடவி, காய்ந்ததும் கழுவி, இரண்டு நாள் கவனியுங்கள். அரிப்போ சிவப்போ தடிப்போ வந்தால் அந்தத் தூள் உங்களுக்கு ஆகாது.

பச்சை இலையா, தூளா?

கொல்லையில் செடி இருந்தால் கலப்படம் என்ற கவலையே இல்லை. கிளை நுனியோடு சேர்ந்த இளம் இலைகளில் சாயச்சத்து கூடுதல். காம்பை வீச வேண்டாம், அதிலும் சாயம் உண்டு. இலையைத் தண்ணீர் அதிகம் விடாமல் மையாக அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் திப்பித்திப்பியாக நின்று, கழுவும்போது தலையில் இருந்து எடுப்பது பெரும்பாடு. அம்மியும் கிரைண்டரும் பரவாயில்லை.

தூளாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இலையை நிழலில் உலர்த்துங்கள். மொறுமொறுவென்று ஆனதும் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் டெல்டாவின் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது உலர்த்தினால் பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசியில் செய்துவைப்பது நல்லது.

கரைத்து ஊறவைக்கும் முறை

தோள் வரை முடி உள்ளவருக்கு 100 கிராம் தூள் போதும், இடுப்பு வரை என்றால் 200 கிராம் வரை ஆகும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கும் நீர் வேண்டாம். தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கட்டியில்லாமல் குழைத்து மூடி வைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை வெயில்தான் தீர்மானிக்கிறது. தஞ்சாவூர் கோடையில் மூன்று, நான்கு மணி நேரத்திலேயே சாயம் வெளிவந்துவிடும். மார்கழிக் குளிரில் இரவு முழுக்க ஊற வேண்டும். மேல்பரப்பு பழுப்பாகி, உள்ளே பச்சையாக இருந்தால் சாயம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் ஆரஞ்சு நிற்க வேண்டும். நின்றால் தலைக்குத் தயார். கோடையில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைத்தால் சாயத்தின் வீரியம் குறைந்துவிடும்.

பூசுவதற்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். எண்ணெய்த் தலையில் சாயம் சரியாகப் பிடிக்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் மருதாணியும் ஒரே நாளில் வேண்டாம். பகுதி பகுதியாக வகிடெடுத்து வேரில் இருந்து பூசி, ஒரு பழைய பிளாஸ்டிக் கவரால் மூடிக் கட்டுங்கள். ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தால் விழுது காய்ந்துவிடும். காய்ந்த விழுதில் இருந்து சாயம் முடிக்குப் போகாது. இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதும்.

பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பூவும் சீயக்காயும் இரண்டு நாள் கழித்து. கழுவியவுடன் தெரியும் பளிச் ஆரஞ்சைப் பார்த்துப் பதற வேண்டாம். காற்றுப்பட்டு இரண்டு, மூன்று நாளில் அது செம்பழுப்பாக இறங்கும். வெள்ளிக்கிழமை கல்யாணம் என்றால் செவ்வாய்க்கிழமையே மருதாணி போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

டிகாஷன், முட்டை, தயிர், இரும்புச் சட்டி

மருதாணிக் கிண்ணத்தில் என்னென்ன சேர்ப்பது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு பக்குவம் இருக்கிறது. எது வேலை செய்யும்?

எலுமிச்சைச் சாறு அல்லது டீ டிகாஷன்: லேசான புளிப்பு சாயம் கெடாமல் காக்கும். 100 கிராமுக்கு ஒரு பழம் போதும். கூடினால் உச்சந்தலை எரியும், முடி வறளும்.

காபி டிகாஷன்: கும்பகோணத்துக் காபி எவ்வளவு திக்காக இருந்தாலும் அதன் நிறம் ஒன்றிரண்டு குளியலில் போய்விடும். பீட்ரூட் சாறும் அப்படித்தான்.

முட்டை, தயிர்: சாயம் ஒட்டுவது புரதத்தோடு. கிண்ணத்திலேயே புரதத்தைக் கொட்டினால் முடிக்குப் போக வேண்டிய சாயத்தின் ஒரு பங்கு அதோடு ஒட்டிக்கொள்ளும். நிறம் வேண்டுமென்றால் இவற்றைத் தவிர்க்கலாம். வெறும் மிருதுத்தன்மை போதும் என்பவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

இரும்புச் சட்டியும் நெல்லிக்காய்ப் பொடியும்: இது வெறும் நம்பிக்கை இல்லை. நெல்லி, கடுக்காய், பாக்கு, டீ ஆகியவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருமையாகும். அதனால் நிறம் ஒரு படி அடர்த்தியாகலாம், ஆனால் முழுக் கறுப்பாகாது.

கரிசலாங்கண்ணி: வயல் வரப்பில் தானாக முளைக்கும் மூலிகை என்பதால் டெல்டாவில் பஞ்சமே இல்லை. சாறு கறுப்பாகத் தெரிந்தாலும் நரைமுடியில் நிலைத்து நிற்காது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்போது வரப்புகளில் களைக்கொல்லி அடிப்பது சகஜமாகிவிட்டது. மருந்து அடித்த வரப்பா என்று தெரியாமல் பறித்து அரைக்காதீர்கள்.

கறுப்புதான் வேண்டும் என்றால்?

செடியில் இருந்தே கறுப்பைப் பெற ஒரு வழி இருக்கிறது. மருதாணிக்குப் பிறகு அவுரி. நீலச்சாயம் எடுக்கும் இந்தச் செடி தமிழ்நாட்டுக்குப் பழையது. விழுப்புரம் மாவட்டம் திண்டிவனம் பகுதியில் சாயத்துக்காகவே பயிரிடுகிறார்கள். பசுந்தாள் உரமாக நெல் வயலில் மடக்கி உழுவதும் உண்டு. சிவப்பின் மேல் நீலம் ஏறும்போது கண்ணுக்குக் கருமையாகத் தெரிகிறது. கணக்கு அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரலாம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் ‘அவுரி’ என்று பயிரிட்டு ஏற்றுமதி செய்வது சென்னா என்ற நிலாவாரை. அது பேதி மருந்துச் செடி, நீலச்சாயம் அதில் கிடையாது. கடையில் "நீலி அவுரி குடுங்க, தலைச்சாயத்துக்கு" என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

முதலில் மருதாணி போட்டு அலசிய பின், அதே நாளிலோ மறுநாளோ அவுரித் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைக்க வேண்டும். எலுமிச்சை சேர்க்கக் கூடாது. மருதாணி மாதிரி இதை இரவெல்லாம் ஊறவைக்கவும் கூடாது. 10, 15 நிமிடத்தில் எடுத்துப் பூசிவிட வேண்டும், நேரமானால் சாயம் கிண்ணத்திலேயே வீணாகும். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வைத்து அலசலாம். அன்று கொஞ்சம் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும். மறுநாள் கருமையாகும். மருதாணி இல்லாமல் வெள்ளை முடியில் அவுரியை மட்டும் போட்டால் நீலம் பாரித்து நிற்கும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

மொத்தத்தில் அரை நாள் வேலை. ‘பிளாக் ஹென்னா’ அரை மணியில் முடித்துவிடுகிறது என்பதால்தான் அது விற்கிறது. அந்த அவசரத்துக்கு என்ன விலை என்று தெரிந்து தேர்ந்தெடுப்பது அவரவர் விருப்பம்.

முடி வலுவாகுமா?

ஓரளவுக்கு, ஒரு அர்த்தத்தில். லாசோன் முடியின் வெளிப்புறத்தில் பிணைந்து படலமாக நிற்பதால் ஒவ்வொரு முடியும் கொஞ்சம் தடித்தது போலவும் வழவழப்பாகவும் இருக்கும், பளபளப்புக் கூடும். ஆனால் வெளியே தெரியும் முடி உயிரற்றது. முடியை வளர்க்கும் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. மருதாணி அதைத் தொடுவதில்லை. "மருதாணி போட்டா முடி கொட்டுறது நிக்கும்" என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக வந்தால் காரணத்தை உடம்புக்குள் தேட வேண்டும். டைஃபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சல் வந்து போன இரண்டு, மூன்று மாதத்திலும், பிரசவத்துக்குப் பிறகும் முடி உதிர்வது வழக்கம், பெரும்பாலும் தானாகச் சரியாகும். தைராய்டு கோளாறு இன்னொரு காரணம். நம் ஊரில் பலருக்கும் இருக்கும் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். மாதம் தவறாமல் தலைக்கு மருதாணி போட்டு, உதிர்வு நிற்கவில்லையே என்று கவலைப்படும் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை.

அடிக்கடி போட்டால் பலன் கூடும் என்பதும் சரியல்ல. படலத்தின் மேல் படலம் ஏறினால் முடி விறைத்து, வறண்டு போகும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, புதிதாக வெளுத்துத் தெரியும் வேர்ப்பகுதிக்கு மட்டும் போட்டால் போதும்.

மருதாணி போட்டால் சளி பிடிக்கும் என்ற பயமும் பலருக்கு உண்டு. ஈர விழுது ஆவியாகும்போது தலை குளிர்கிறது, சைனஸ் தொல்லை உள்ளவர்களுக்கு அதனால் தலைவலி வரலாம். அவர்கள் வெயில் நேரத்தில், குறைந்த நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

யார் தவிர்க்க வேண்டும்?

தூய மருதாணிகூட எல்லோருக்கும் பொதுவானதல்ல. ஜி-6-பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு லாசோன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். பச்சிளங்குழந்தைகளின் உடலில் மருதாணி பூசியதால் மஞ்சள் காமாலையும் கடும் ரத்தசோகையும் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கைக்குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் தலையிலும் மருதாணி வேண்டவே வேண்டாம். குடும்பத்தில் இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தால் பெரியவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலையில் புண், வெட்டு, பொடுகால் வெடிப்பு உள்ளவர்கள் ஆறிய பிறகு போடலாம். ஏற்கெனவே டையால் ஒவ்வாமை வந்தவர்கள் ‘கறுப்பு’ என்ற பெயர் கொண்ட எந்தத் தூளையும் தொடக் கூடாது.

போட்ட பிறகு தலையரிப்பு, காதோரம் சிவப்பு, நெற்றியும் கண்ணிமையும் வீங்குவது ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். அன்றே வரலாம், இரண்டு, மூன்று நாள் கழித்தும் வரலாம். உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவு இருக்கிறது. மூச்சுத் திணறலோ நாக்கு, தொண்டை வீக்கமோ வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். பிபிடி கலந்த தூளும் திரவமும் வாய்க்குள் போனால் தொண்டை வீங்கும், சிறுநீரகம் செயலிழக்கும், உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தூய மருதாணி என்று அச்சிட்டுவிட்டு ரசாயனம் கலந்து விற்றிருப்பதாகச் சந்தேகம் வந்தால், ரசீதையும் மீதித் தூளையும் வைத்துக்கொண்டு மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் தரலாம். அழகுசாதனப் பொருள்களும் அவர்கள் கண்காணிப்பில்தான் வருகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டையில் இருந்து மருதாணிக்கு மாறுபவர்களுக்கு

இதுவரை ரசாயன டை போட்டவர்கள் மருதாணிக்கு வந்தால், முதல் இரண்டு, மூன்று மாதம் தலையில் பல நிறங்கள் தெரியும். பழைய டையின் கறுப்பு, நடுவில் செம்மை, வேரில் வெள்ளை. அது சகஜம். அதேபோல, உட்பொருள் தெரியாத தூள் போட்டுவந்தவர்கள் பார்லரில் ப்ளீச்சிங், கலரிங் செய்யும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். தூளில் உலோக உப்பு கலந்திருந்தால் பெராக்சைடு பட்டதும் முடி சூடாகிப் பொசுங்கி உடையலாம். அங்கேயும் சீப்பு முடி சோதனை கைகொடுக்கும். கொஞ்சம் முடியை வெட்டிக் கொடுத்து அதில் முதலில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது "கறுக்குமா?" என்று கேட்பதற்குப் பதில், "இதுல மருதாணி இலை மட்டும்தானா, வேற எதுவும் கலந்திருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுகிற கடைக்காரரிடம் தைரியமாக வாங்கலாம்.